பாதி தார், பாதி மண்: மெட்டு ஏறி இறங்கும் பைக்குக்கு டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

கம்பம், போடி, கூடலூர் பக்கமிருந்து தினமும் மெட்டு (மலையைக் கடக்கும் கணவாய்) ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு பைக்கில் போய் வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முக்கால்வாசி தூரம் தார், கடைசியில் கொஞ்சம் ஜீப் ரோடு என்பதுதான் கணக்கு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு பக்கம் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். சேற்றில் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு இது உதவாது.

புதிதாக டயர் மாற்றுகிறவர்கள் பலரும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். முதலில் பட்டன் டயர் (உயரமான ரப்பர் கட்டைகள் உள்ள மண் ரோட்டு டயர்) மாட்டிய வண்டியின் படத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் விலை கேட்கிறார்கள், வாங்கி மாட்டிய பிறகுதான் மட்கார்டில் உரசுவது தெரிகிறது. கீழே உள்ள வரிசையில் போனால் அந்தச் செலவு மிச்சம்.

1. கடைக்குப் போகும் முன்

காற்று அளக்கும் சொந்த கேஜ் ஒன்று வேண்டும். பங்க்கில் இருக்கும் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. உங்கள் கேஜ் இரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடக் குறையக் காட்டினாலும் பரவாயில்லை. எப்போதும் அதே கேஜில் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டு டயரின் பக்கச்சுவரில் இருக்கும் எழுத்துகளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ரிம்மைத் துடைத்துப் பாருங்கள். 17x1.85, 18x1.60 என்பதுபோல ஓர் எண் இருக்கும். இரண்டாவது எண் ரிம்மின் அகலம், அங்குலத்தில். கடைக்காரர்கள் இதைக் கேட்பதே இல்லை, ஆனால் எந்த டயர் உட்காரும் என்பதை முடிவு செய்வது இதுதான்.

கடைசியாக, டயருக்கும் செயினுக்கும், டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை), முன் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இப்போது மாட்டியிருப்பது தேய்ந்த டயர் என்றால் புது டயருக்கு இடைவெளி சில மில்லிமீட்டர் குறையும்.

2. வழியை எழுதிப் பாருங்கள்

எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை மண் என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த வேகத்தில் என்றும் எழுத வேண்டும்.

போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டி மூணாறு வரை அகலப்படுத்திய தேசிய நெடுஞ்சாலை. அங்கே வேகம் தானாக ஏறும். பூப்பாறைக்கு இப்பாலோ அப்பாலோ தோட்டத்துக்குள் திரும்பினால் ஜீப் சக்கரங்கள் வெட்டிய இரண்டு பள்ளம், நடுவில் புல்மேடு.

இங்கே பருவமும் இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மெட்டுக்கு மேலே தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கீழே கம்பம் பள்ளத்தாக்கில் வெயிலும் காற்றும்தான். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் இரண்டு பக்கமும் நனையும். ஒரே பயணத்தில் சூடான காய்ந்த தாரும், நனைந்த தாரும், சேறும் வருகின்றன.

இதை எழுதிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். மண் ரோட்டில் பிடி கொஞ்சம் குறைந்தால் நீங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், காலை ஊன்றலாம். இறக்கத்தில் நனைந்த வளைவில், எதிரே பஸ் திரும்பும்போது, அந்த வசதி கிடையாது. அதனால் டயரை முதலில் நனைந்த தாருக்குத் தேர்ந்தெடுங்கள், மண்ணுக்கு அடுத்தபடியாக. கடைக்காரர் வேறு மாதிரி சொல்லுவார். என் கணக்கு இதுதான்.

இன்னொன்று: கேரளப் பக்கம் தோட்டங்களுக்குள் ஏறும் பல சரிவுகள் காங்கிரீட். மழைக்காலத்தில் மர நிழலில் அதன்மேல் பச்சைப் பாசி படியும். அதில் எந்த டயரும் பிடிக்காது. பட்டன் டயர் இன்னும் மோசம். சக்கரம் போய்த் தேய்ந்த தடத்திலேயே பிரேக் தொடாமல் போவதுதான் வழி. அந்த இடத்துக்காக டயர் வாங்காதீர்கள்.

3. வகையை முடிவு செய்யுங்கள்

கடையில் கிடைப்பதை மூன்றாகப் பிரிக்கலாம்: ரோடு டயர், இரண்டுங்கெட்டான் டயர் (கடையில் டூயல் பர்ப்பஸ் என்பார்கள்), முழுப் பட்டன் டயர்.

முழுப் பட்டனில் ரப்பர் கட்டைகள் உயரமாக, தள்ளித்தள்ளி நிற்கும். மண்ணில் கட்டை புதைந்து கடிக்கும், இடைவெளி வழியே சேறு உதிரும். அதே காரணத்தால் தாரில் தொல்லை. தரையைத் தொடும் ரப்பர் குறைவு. வண்டியைச் சாய்க்கும்போது உயரமான கட்டைகள் வளைந்து கொடுக்கும், வளைவில் வண்டி மிதப்பதுபோல் இருக்கும். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். சூடான தாரில் நடுக்கட்டைகள் வேகமாகக் கரையும். மைலேஜும் இறங்கும், ஹெல்மெட்டுக்குள் ஓயாத இரைச்சல் வேறு.

ரோடு டயரில் ரப்பர் நிறைய, வெட்டுகள் மெல்லியவை. தாரில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. காய்ந்த ஜீப் ரோட்டிலும், ஜல்லி ரோட்டிலும் நிதானமாகப் போனால் போதுமானது. களிச்சேறு வந்தால் மட்டும் வெட்டுகள் அடைத்துக்கொண்டு இரண்டே சுற்றில் மொட்டை டயர்போல் ஆகிவிடும்.

இடையில் நிற்பவற்றில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரில் ரொம்ப வேறுபட்ட டயர்கள் விற்கின்றன. 70/30, 50/50 என்று (தாருக்கு இத்தனை, மண்ணுக்கு இத்தனை) சொல்லப்படுவது அந்தந்தக் கம்பெனி தன் டயருக்கே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். இரண்டு கம்பெனிகளின் 70/30-ஐ ஒப்பிட முடியாது. டயரையே பாருங்கள்.

முதலில் நடுப்பகுதி. நடுக்கட்டைகள் ஒன்றோடொன்று நெருக்கமாக, முடிந்தால் அடியில் மெல்லிய ரப்பர் பாலத்தால் இணைந்து இருக்க வேண்டும். நேராகப் போகும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வேலை செய்வது இந்தப் பகுதிதான். இரண்டு கட்டைகளை விரலால் பிடித்து அழுத்திப் பாருங்கள். எளிதாக ஆடினால் தாரிலும் ஆடும்.

அடுத்து ஓரம். ஓரக்கட்டைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ஜீப் பள்ளத்தின் சுவரில் கொஞ்சம் கடிக்கும். ஆனால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வளைவு சீராகப் போகிறதா என்று பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். திடீரென்று படி இறங்குவதுபோல் இருந்தால் கொண்டை ஊசியில் வண்டி சாயும்போது அந்தப் படியில் ஒரு குலுங்கல் வரும்.

வாரத்தில் பெரும்பாலான நாள் தார், தோட்டத்துக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் என்றால் நடு நெருங்கிய, ஓரம் திறந்த டூயல் பர்ப்பஸ் போதும். மண் பகுதி வெறும் காய்ந்த ஜல்லி, மழையில் அங்கே போகவே மாட்டீர்கள் என்றால் நல்ல ரோடு டயரே போதும். மாற்ற வேண்டியதே இல்லை. முழுப் பட்டன், தோட்டத்திலேயே தங்கி வேலை பார்த்து வாரம் ஒருமுறை மட்டும் கீழே இறங்குகிறவருக்குச் சரி.

4. முன்னும் பின்னும்

மெட்டு வழியில் அடிக்கடி பார்ப்பது: பின்னால் புத்தம்புது பட்டன் டயர், முன்னால் கம்பெனியோடு வந்த தேய்ந்த டயர். ஏற்றத்தில் இழுவை கிடைப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். இறங்கும்போது எடை முன்னால் போகிறது. பிரேக்கில் பெரும்பங்கை முன் சக்கரம்தான் செய்கிறது. பின் டயர் வழுக்கினால் வால் ஆடும், சமாளிக்கலாம். முன் டயர் வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும்.

பின் டயர் சீக்கிரம் தேயும், அதை அடிக்கடி மாற்றுவது இயல்பு. வேறு வேறு கம்பெனி டயர் போடுவதிலும் குற்றமில்லை. முன் டயரின் நிலைமை பின் டயரைவிட மோசமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பணம் ஒரு டயருக்குத்தான் இருக்கிறது, இரண்டும் தேய்ந்திருக்கிறது என்றால் முன்னால் மாற்றுங்கள்.

5. அளவு

100/90-17 என்றால் அகலம் 100 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். பழைய 2.75-18 வகையில் அகலமே அங்குலத்தில் இருக்கும். அதே வகை வண்டிகளில் இப்போது 80/100-18 வருகிறது.

கம்பெனி கொடுத்த அளவே முதல் தேர்வு. ஒரு படி அகலமாகப் போட ஆசை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100/90-17-க்குப் பதில் 110/90-17 போட்டால் பக்கச்சுவர் 90-லிருந்து 99 மி.மீ. ஆகிறது. அதாவது மட்கார்டு பக்கம் 9 மி.மீ., செயின் பக்கம் 5 மி.மீ. இடைவெளி போகும். முதல் படியில் அளந்த எண்கள் இதற்குத்தான். மட்கார்டுக்குக் கீழே ஒரு விரல் தடிமன்கூட மிஞ்சவில்லை என்றால் களிமண் அங்கே அடைத்து சக்கரத்தையே நிறுத்தும்.

குறுகிய ரிம்மில் அகல டயர் போட்டால் ரிம் அதைக் கிள்ளிப் பிடிக்கும். டயர் முட்டை வடிவமாகும், நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். அகலத்துக்குக் கொடுத்த காசு வீண். சேற்றிலும் அகலம் எப்போதும் நல்லதில்லை. மேலே மெல்லிய சேறு, அடியில் கெட்டித் தரை என்றால் குறுகிய டயர்தான் வெட்டி இறங்கிப் பிடிக்கும். நம் தோட்டத்து ரோடுகள் பெரும்பாலும் அப்படித்தான்.

6. எடை எண்

அளவுக்குப் பக்கத்தில் 52P, 55P என்பதுபோல் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் யாரும் பார்ப்பதில்லை. எண், டயர் தாங்கும் எடைக்கான குறியீடு: 47 என்றால் 175 கிலோ, 52 என்றால் 200, 55 என்றால் 218. எழுத்து வேகத்துக்கானது. P இருந்தால் மணிக்கு 150 கி.மீ. வரை. நமக்கு வேகம் பிரச்சினை இல்லை, எடைதான் பிரச்சினை.

வண்டி 120 கிலோ, ஓட்டுகிறவர் 70, பின்னால் ஒருவர் 65, கேரியரில் 45 கிலோ யூரியா மூட்டை. மொத்தம் 300. இதில் மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரத்தில் இறங்குகிறது என்று வைத்தால் 200 கிலோ. ஏற்றத்தில் இன்னும் கூடும். 47 என்று போட்ட டயர் இங்கே தாங்காது. மூட்டை ஏற்றுகிற வண்டி என்றால் கம்பெனி டயரில் இருந்த எண்ணுக்குக் குறையாமல், கிடைத்தால் அதைவிடக் கூடுதலாக வாங்குங்கள்.

6PR என்று போட்டிருந்தால் 4PR டயரைவிடப் பக்கச்சுவர் கெட்டி என்று பொருள். கல் குத்தினால் தாங்கும். மூட்டை இல்லாத நாளில் கொஞ்சம் தூக்கிப் போடும்.

7. டியூப்பா, டியூப்லெஸ்ஸா

அலாய் வீல், ரிம்மில் டியூப்லெஸ் என்று எழுதியிருக்கிறது என்றால் டியூப்லெஸ்தான். முள் குத்தினால் வழியிலேயே ரப்பர் திரி செருகிவிட்டுக் கிளம்பலாம்.

ஸ்போக் வீலில் பொதுவாக டியூப் வேண்டும், ஏனென்றால் ஸ்போக் நுழையும் துளைகள் வழியே காற்று போய்விடும். டியூப்லெஸ் என்று எழுதிய டயரை அதில் போடலாம், உள்ளே டியூப் வைத்து. டயர் மாற்றும்போது டியூப்பையும், ஸ்போக் முனைகளை மூடும் ரப்பர் பட்டையையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய டியூப் விரிந்து நீண்டிருக்கும்; புது டயருக்குள் மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும்.

8. கடையில்

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. கிடைப்பதில் புதியதாகப் பாருங்கள். அதைவிட முக்கியம் எங்கே வைத்திருந்தார்கள் என்பது. கடை வாசலில் வெயிலில் அடுக்கிய டயரின் ரப்பர் வறண்டுவிடும். பக்கச்சுவரைக் கொஞ்சம் வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். அப்படித் தெரிந்தால் தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். இரு சக்கர டயருக்கான தரம் ஐஎஸ் 15627. ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது) மெட்டு ஏறும் வண்டிக்கு வேண்டாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கும் வெயிலும் சேர்த்துச் சூடாக்கும், ஒட்டிய ரப்பர் பிரிய அதுவே போதும்.

9. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். சில டயர்களில் முன் சக்கரத்துக்கு ஒரு திசை, பின் சக்கரத்துக்கு எதிர்த்திசை என்று இரண்டு அம்பு. அவசரத்தில் இது மாறிப் போவது சாதாரணம். வண்டியில் சக்கரத்தை ஏற்றிய பிறகு சொன்னால் முகம் சுளிப்பார்கள், அதனால் ரிம்மில் ஏற்றும்போதே சொல்லுங்கள்.

மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும். அந்த இடம் டயரில் லேசான பகுதி, வால்வு ரிம்மில் கனமான பகுதி, இரண்டும் ஈடுகட்டும். விளிம்பை வழுக்கி ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ ஆயிலோ போட்டால் பிறகு டயர் ரிம்மில் நழுவும், டியூப் வால்வு அறுபடும்.

காற்று அடித்த பிறகு ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மெதுவாகப் போகும்போதே ஹேண்டில் துள்ளும்.

10. காற்று

நல்ல டயர் வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

வண்டியின் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் தொடக்கம். 150 சிசி வண்டிகளில் பொதுவாக முன்னால் 25, பின்னால் தனியாக என்றால் 28, ஆளோடு என்றால் 32 பிஎஸ்ஐ என்பதுபோல் இருக்கும். உங்கள் வண்டியில் என்ன போட்டிருக்கிறதோ அது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிய பிறகு சூட்டில் இரண்டு மூன்று கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

டயர் பக்கச்சுவரில் அதிகபட்சம் என்று போட்டிருக்கும் அளவை அப்படியே அடிப்பவர்களும் உண்டு. அது டயர் தாங்கும் எல்லை. அந்த அளவில் நடுக்கோடு மட்டும்தான் தரையைத் தொடும், நனைந்த வளைவில் அதுவே ஆபத்து.

மேலே போனால் காற்று மாறுமா என்று கேட்பார்கள். போடிக்கும் போடிமெட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் ஆயிரம் மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஒன்றரை பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே குளிரும். பத்து டிகிரி இறங்கினால் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகிறது. மெட்டில் நிறுத்திக் காற்றைத் தொட வேண்டியதில்லை.

மண் ரோட்டில் இறக்குவது வேறு கதை. மூன்று, நான்கு பிஎஸ்ஐ குறைத்தால் டயர் கல்லைச் சுற்றி வளைந்து கொடுக்கும், பிடி கூடும். ஆனால் இரண்டு கிலோமீட்டர் ஜீப் ரோட்டுக்காக இறக்கினால் திரும்பி அடிக்க பம்ப் கையில் இருக்க வேண்டும். பம்ப் இல்லையா, இறக்காதீர்கள். குறைந்த காற்றோடு மெட்டு இறங்கினால் பக்கச்சுவர் நெளியும், டயர் சூடாகும். டியூப் டயராக இருந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். மூட்டையோடு போகும் நாளில் மண்ணிலும் இறக்கவே கூடாது.

உங்கள் எடைக்குச் சரியான அளவைக் கண்டுபிடிக்க சாக்பீஸ் போதும். டயரின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை தடிமனாகக் கோடு போட்டு, காய்ந்த தாரில் நேராக நூறு மீட்டர் போய் நிறுத்திப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் வெள்ளை மிச்சமிருந்தால் குறைவு. நடுக்கட்டைகளில் சீராக அழிந்து, ஓரத்துக்குப் போகப்போக மங்கினால் சரி. மூட்டையோடு ஒருமுறை, தனியாக ஒருமுறை பாருங்கள். ஸ்டிக்கரிலிருந்து ஒன்றிரண்டு பிஎஸ்ஐக்கு மேல் விலக வேண்டியிருக்காது.

11. ஓடத் தொடங்கிய பிறகு

புது டயரின் மேல் மெல்லிய வழவழப்பு இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் சாய்வையும் பிரேக்கையும் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். மழை நாளில் மாட்டி நேராக மெட்டு ஏறாதீர்கள்.

மாதம் ஒருமுறை வண்டியை ஸ்டாண்டில் போட்டு, முன் டயரின் கட்டைகள் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போல் குத்துவதாகவும் இருந்தால், கட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்கின்றன. இறக்கத்தில் கியரை விட்டுவிட்டு முன் பிரேக்கிலேயே தொங்குகிறவர்களின் டயரில் இது சீக்கிரம் வரும். காற்றைச் சரிபார்த்து, இறங்கும்போது இரண்டாம் கியரை நம்பினால் குறையும்.

பள்ளத்தில் உள்ள சிறு ரப்பர் மேட்டின் மட்டத்துக்குக் கட்டை இறங்கிவிட்டால் டயர் முடிந்தது. இரு சக்கர வண்டிக்கு விதிப்படி குறைந்தபட்ச ஆழம் 0.8 மி.மீ.தான். ஆனால் மழையில் மெட்டு ஏறுகிறவர் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, 2 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடலாம். மே மாதக் கடைசியில் அளந்து பாருங்கள். அப்போது 2 மி.மீ.க்குப் பக்கத்தில் இருந்தால் ஜூன் மழைக்கு முன்பே மாற்றுங்கள். மழை பிடித்த பிறகு கேட்டால் உங்கள் அளவு கடையில் தீர்ந்திருக்கும்.